ஆலோசனை அறையில் இன நுண்ணவமதிப்பு: பண்பாடு கடந்து பணியாற்றும் மனநல ஆலோசகருக்கான வழிகாட்டி

நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்குச் செல்லும் சிறிய விமானம் ஒன்றில் சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவருடன் பணியாற்றிய கறுப்பின நண்பர் ஒருவரும் ஏறினார்கள். எங்கு வேண்டுமானாலும் அமரலாம் என்று பணிப்பெண் கூறியதால் இருவரும் முன்பகுதியில் அமர்ந்தார்கள். கடைசி நேரத்தில் வந்த மூன்று வெள்ளையர்கள் அவர்களுக்கும் முன்னால் இருந்த இருக்கைகளில் அமர்ந்தார்கள். விமானம் புறப்படும் தறுவாயில், எடையைச் சமன்செய்ய வேண்டியிருப்பதால் பின்னால் சென்று அமர முடியுமா என்று பணிப்பெண் கேட்டது, முதலில் வந்த இவ்விருவரைத்தான். இருவரும் எழுந்து சென்றார்கள். ஆனால் சூவின் நெஞ்சு படபடத்தது, முகம் சூடேறியது. பின்னர் அவர் அதைச் சுட்டிக்காட்டியபோது பணிப்பெண் கொதித்துப் போனார். தாம் யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை என்றும், எடைக்காக மட்டுமே கேட்டதாகவும் உறுதியாகக் கூறினார்.

சூவும் அவருடைய சகாக்களும் 2007இல் ஓர் உளவியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இந்நிகழ்வு இடம்பெற்றது. மைக்ரோஅக்ரெஷன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இன நுண்ணவமதிப்பு பற்றிய இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி அக்கட்டுரையிலிருந்தே கிளைத்தது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1970 வாக்கில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் இக்கருத்தை முன்வைத்திருந்தார். வெள்ளையர் அல்லாதோர் பேருந்துகளில் பின்னிருக்கைக்கு அனுப்பப்பட்ட வரலாறு உள்ள நாட்டில் 'பின்னால் போய் உட்காருங்கள்' என்ற வேண்டுகோள் வெறும் எடைக்கணக்காகக் காதில் விழாது என்பதைப் பணிப்பெண் அறியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, சூவும் மிகைப்படுத்தவில்லை. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ள முடியாத ஆலோசகரால் இத்துறையில் பயனுள்ள பணி எதையும் செய்ய இயலாது என்பது என் துணிபு.

இவ்வழிகாட்டி அமெரிக்காவில் குடியேறியோரிடையே பணியாற்றும் ஆலோசகர்களையும் அப்பணிக்குப் பயில்வோரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்குள்ள தமிழர் வாழ்விலிருந்து எடுத்தாளப்பட்டிருப்பதால், ஆலோசனைக்குச் செல்ல எண்ணும் தமிழரும் தாம் எதை எதிர்பார்க்கலாம் என்று அறிய இதைப் படிக்கலாம்.

முதல் படி: வகைகளைப் பிரித்தறிதல்

சூ மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது நுண்தாக்குதல்: இழிசொல், வேண்டுமென்றே ஒதுக்குதல், 'உன் நாட்டுக்கே போ' என்று கூறுதல் போன்றவை, செய்பவருக்குத் தாம் செய்வது தெரியும். இரண்டாவது நுண்ணிழிவு: பத்தாண்டுகளாக அங்கு வேலை செய்பவரிடம் 'உங்கள் ஆங்கிலம் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருக்கிறதே' என்று பாராட்டுவது இதில் சேரும். சொல்பவர் புகழ்வதாகவே எண்ணுகிறார். கேட்பவருக்கோ 'உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்று கேட்கிறது. மூன்றாவது நுண்மறுப்பு: ஒருவர் பட்ட அனுபவத்தையே இல்லை என்று ஆக்குவது. 'நீ எதையும் பெரிதுபடுத்துகிறாய்', 'எனக்கு எல்லோரும் மனிதர்கள்தான்' என்னும் கூற்றுகள் இவ்வகையின. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் 'உண்மையில் நீ எந்த ஊர்?' என்று மீண்டும் மீண்டும் கேட்பதும் இதுவே; பிறந்த மண்ணிலேயே அயலாராக்கும் இக்கேள்வி, ஆசிய அமெரிக்கர்களிடையே நடந்த ஆய்வுகளில் முதன்மையாக வெளிப்பட்ட கருப்பொருள்களுள் ஒன்று.

தமிழருக்கே உரிய சில வடிவங்களும் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை; தந்தையின் பெயரோ முன்னெழுத்தோதான் உண்டு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவிலும் அடையாள ஆவணங்களிலும் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடுகின்றன. பின்னர் வங்கியிலும் மருத்துவமனையிலும் அவரை அந்த எழுத்துகளாலேயே அழைக்கிறார்கள். இதில் அவமதிக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. அமைப்பே செய்யும் இத்தகையவற்றைச் சூழல்சார் நுண்ணவமதிப்பு என்பர்.

இந்தியர் என்றாலே கணிதத்தில் புலி, கணினியில் கைதேர்ந்தவர், குறைகூறாமல் உழைப்பவர் என்னும் 'முன்மாதிரிச் சிறுபான்மையினர்' பிம்பத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். 1966இல் ஜப்பானிய அமெரிக்கர்களைப் பற்றி எழுதப்பட்ட ஓர் இதழ்க் கட்டுரையிலிருந்து புறப்பட்ட இப்பிம்பம் புகழுரையின் வேடத்தில் வருவதால், அதனால் நொந்தவருக்கு நோவைச் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இரண்டாம் படி: முதலில் உங்களை ஆராய்தல்

1992இல் சூ, பாட்ரிசியா அரெடொண்டோ, ரொடெரிக் மெக்டேவிஸ் ஆகியோர் பல்பண்பாட்டு ஆலோசனைக்கு வேண்டிய 31 தகுதிகளைத் தொகுத்தனர். தன்னுணர்வு, அறிவு, திறன் என்னும் மூன்று தளங்களில் அவை அமைந்தன. 2015இல் அவை சமூகநீதிக் கண்ணோட்டத்துடன் திருத்தியமைக்கப்பட்டபோது, செயல் என்ற நான்காவது தளமும் சேர்ந்தது. பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் அறிவுக்கே இடம் தரப்படுகிறது; 'தெற்காசியர் குடும்பத்துக்கு முதன்மை அளிப்பர்' என்ற வகைக் குறிப்புகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அத்தகைய அறிவோடு மட்டும் அறைக்குள் வருபவர், எதிரில் இருப்பவரைப் பாடநூலின் ஒரு பத்தியாகவே காண்பார். அதுவே ஒரு நுண்ணிழிவு. மெலனி டெர்வலானும் ஜான் மரே கார்சியாவும் 1998இல் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு என்னும் கருத்து இதற்கு நல்ல மாற்று. பிறர் பண்பாட்டைக் கற்று முடித்துவிட்டதாக எவரும் கூற முடியாது, தன்னைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது: உங்களைவிட வேறுபட்ட இனத்தவருடன் நடத்திய சில அமர்வுகளின் குறிப்புகளை எடுத்துப் படியுங்கள். இனம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தது, எங்கே நீங்கள் பேச்சைத் திருப்பினீர்கள், எந்த இடத்தில் உங்களுக்குக் கூச்சமோ எரிச்சலோ வந்தது என்று குறியுங்கள். ஆறுதல் சொல்ல விரைந்த இடங்களில் கூடுதல் கவனம் வையுங்கள். பல நேரங்களில் ஆறுதல் என்பது ஆலோசகர் தம் சங்கடத்திலிருந்து தப்பும் வழியாகவே இருக்கிறது.

தமிழ் ஆலோசகர் இந்த ஆய்விலிருந்து தமக்கு விலக்கு உண்டு என்று கருதக் கூடாது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நம் வீடுகளில் வழங்கும் ஏச்சுகளையும், கறுப்பின மக்களைப் பற்றிக் குடியேறிய சில ஆண்டுகளுக்குள் நம்மவர் கற்றுக்கொள்ளும் அச்சங்களையும் அவர் அறிந்திருப்பார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் அவரிடம் ஆலோசனைக்கு வந்தால், அவரும் அதே பணிப்பெண்ணின் இடத்தில் நிற்கக்கூடும்.

மூன்றாம் படி: பேச்சை நீங்களே தொடங்குதல்

இனம் பற்றிய பேச்சை நாடி வருபவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பது கண்ணியம் போலத் தோன்றும். உண்மையில் அது சுமை முழுவதையும் அவர் தலையில் வைப்பதாகும். வெளியுலகில் எத்தனையோ முறை 'அதெல்லாம் இல்லை' என்று கேட்டுப் பழகியவர், உங்களிடமும் அதையே கேட்க நேருமோ என்று அஞ்சித் தலைவலி, தூக்கமின்மை, வேலைப்பளு என்று மட்டும் பேசிவிட்டுப் போவார். நார்மா டே வைன்சும் அவருடைய சகாக்களும் 2007இல் இதைப் பற்றி எழுதியபோது, பேச்சை அறவே தவிர்ப்பவர் முதல் அதைத் தம் பணியின் இயல்பான பகுதியாகவே ஆக்கிக்கொண்டவர் வரை ஆலோசகர்களின் நிலைகளை ஒரு தொடர்வரிசையாக அமைத்துக் காட்டினர். ஒரே ஒரு முறை கடமைக்காகக் கேட்டுவிட்டு மறந்துபோகும் ஆலோசகர் அவ்வரிசையின் தொடக்கப் பகுதியில்தான் நிற்கிறார்.

முதல் அமர்வில் இவ்வாறு சொல்லலாம்: "நாம் இருவரும் வெவ்வேறு பின்னணியிலிருந்து வருகிறோம். நான் இந்நாட்டில் பிறந்த வெள்ளையர். நீங்கள் இங்கே குடியேறியவர். உங்கள் இனமோ மொழியோ பிறந்த நாடோ நீங்கள் இப்போது படும் துன்பத்தில் பங்கு வகித்திருந்தால், அதைப் பற்றி இங்கே தாராளமாகப் பேசலாம். நான் புரிந்துகொள்ளாமல் எதையாவது சொல்லிவிட்டால் சுட்டிக்காட்டலாம். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்." இதற்கு உடனே விடை வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலர் "அப்படி ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். மூன்றாவது, நான்காவது அமர்வில் அவர்களே அதன் வழியாக வருவார்கள்.

சொந்தச் சொற்களில் தொடங்கத் தயங்குவோருக்கு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநலக் கோளாறுகளைக் கண்டறிய 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டிலுள்ள பண்பாட்டு உருவாக்க நேர்காணல் கைகொடுக்கும். 16 கேள்விகள் கொண்ட அதில், தம் சிக்கலை அவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார், அவருடைய பின்னணியின் எந்தக் கூறு அதைக் கடுமையாக்குகிறது, இதுவரை யாரிடம் உதவி நாடினார் என்பவை வரிசையாக வருகின்றன. கடைசிக் கேள்வி மருத்துவருக்கும் நோயருக்கும் இடையே பின்னணி வேறுபாட்டால் நேரக்கூடிய தவறான புரிதலைப் பற்றியது. நேரம் போதாவிட்டாலும் அந்த ஒரு கேள்வியையாவது விடாமல் கேளுங்கள்.

நான்காம் படி: நிகழ்வைக் கேட்டல்

இதுதான் பணியின் மையம். பெரும்பாலான ஆலோசகர்கள் வழுக்கி விழும் இடமும் இதுவே. விளக்கத்துக்காகப் புனைந்த ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சென்று நியூ ஜெர்சியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் பெண், வாராந்தரக் கூட்டத்தில் தாம் சொன்ன யோசனையை எவரும் கண்டுகொள்ளவில்லை என்றும், அதையே பத்து நிமிடம் கழித்து வெள்ளையரான சக பணியாளர் சொன்னபோது மேலாளர் பாராட்டினார் என்றும் கூறுகிறார். பிறகு அவரே, "ஒருவேளை என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்கலாம்" என்று முடிக்கிறார்.

நல்ல மனம் கொண்ட ஆலோசகர் இங்கே சொல்லக்கூடிய தவறான விடைகள் பல. "மேலாளர் கவனிக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா?" என்பது ஒன்று. "இது அப்பட்டமான இனவெறி" என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: தாம் காணாத ஒரு கூட்டத்தைப் பற்றி ஆலோசகர் தீர்ப்பு வழங்குகிறார். முதல் தீர்ப்பு அப்பெண்ணின் அனுபவத்தை மறுக்கிறது. இரண்டாவது தீர்ப்பு, அவர் இன்னும் வந்தடையாத ஒரு முடிவை அவர் மீது திணிக்கிறது. எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் அறிவுசார் சிகிச்சையில் பயின்றவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை தேவை. எண்ணத்துக்கு ஆதரவான சான்று எது, எதிரான சான்று எது என்று கேட்பது அம்முறையின் அடிப்படைப் பயிற்சி. பாகுபாட்டால் நொந்தவரிடம் முதல் கேள்வியாக அதைக் கேட்டால், அது குறுக்கு விசாரணையாகவே ஒலிக்கும்.

மாறாக, நிகழ்வின் ஓட்டத்தோடு செல்லுங்கள். "அவர் பாராட்டிய அந்த நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது?", "உடம்பில் எங்கே அதை உணர்ந்தீர்கள்?", "அன்று மாலை வீட்டுக்குச் சென்றபின் அது உங்களோடு வந்ததா?", "இதுபோல் இதற்கு முன் நடந்ததுண்டா?" என்ற வரிசையில் கேட்கலாம். கடைசிக் கேள்வி முக்கியமானது. தனித்து நோக்கினால் அற்பமாகத் தோன்றும் நிகழ்வு, ஒரு தொடரின் நாற்பதாவது கண்ணியாக இருக்கக்கூடும். அந்தத் தொடரைக் காணாமல் கண்ணியை எடைபோட முடியாது.

இங்கே சூ சுட்டிய நான்கு இக்கட்டுகளை நினைவில் கொள்வது உதவும். ஒரே நிகழ்வை இரு இனத்தவரும் இரு வேறு உண்மைகளாகக் காண்கிறார்கள். செய்தவருக்கே தம் சாய்வு தெரிவதில்லை. பாதிப்பு சிறிது என்று கருதப்படுகிறது. எதிர்த்துப் பேசினாலும் இழப்பு, பேசாவிட்டாலும் இழப்பு. நாடி வருபவர் பெரும்பாலும் இந்த நான்காவது இக்கட்டில்தான் உறக்கமிழக்கிறார். நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது; 'அது உண்மையில் அப்படித்தானா, நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை' என்ற அலசல் இரவெல்லாம் நீள்கிறது. ஆகவே அப்பெண்ணிடம், "நடந்தது என்ன என்று உறுதியாகத் தெரியாத நிலையே உங்களைச் சோர்வடையச் செய்கிறது போலும்" என்று சொல்வது தீர்ப்பு எதையும் வழங்காமலேயே அவருடைய பாரத்தைத் தொடும். 'ஒருவேளை என் உச்சரிப்பு' என்று அவர் தம்மையே குற்றஞ்சாட்டிய இடத்துக்கும் திரும்பிச் செல்லுங்கள். அந்த விளக்கம் அவருக்கு எப்படிப் பழக்கமாயிற்று, யார் அதை முதலில் சொன்னார்கள் என்று கேட்டால், பல ஆண்டுகளின் கதை வெளிவரும்.

சான்றுகளை எடைபோடுவது பிற்பாடு தேவைப்படலாம். புகார் கொடுப்பதா, வேலையை மாற்றுவதா என்று அவரே முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில், அவர் விரும்பினால், எது உறுதி, எது ஊகம் என்று இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: பாதிப்பை மதிப்பிடுதல்

நம்மவர் மனத்துயரை உடலின் மொழியில் சொல்வது வழக்கம். 'தலை பாரமாக இருக்கிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'உடம்பில் தெம்பே இல்லை' என்பவற்றை உடல்நோயாக மட்டுமோ மனச்சோர்வாக மட்டுமோ குறுக்கிவிடாமல், அவை எந்த நாட்களில் கூடுகின்றன, எந்த இடங்களில் குறைகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முந்தைய இரவில் மட்டும் வரும் வயிற்றுவலி தன் காரணத்தைத் தானே சொல்லிவிடும்.

டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு என்று கண்டறிய மரணம், கடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கோ அவற்றின் அச்சுறுத்தலுக்கோ ஒருவர் உள்ளாகியிருக்க வேண்டும். நுண்ணவமதிப்பு அந்த வரையறைக்குள் பெரும்பாலும் வராது. ஆனால் திடுக்கிடல், விலகிச் செல்லல், ஓயாத எச்சரிக்கை போன்ற அதே அறிகுறிகள் காணப்படலாம். இதற்காகவே ராபர்ட் கார்ட்டர் 2007இல் இனம்சார் அதிர்ச்சி மனவழுத்தம் என்னும் கருத்தை முன்வைத்தார். அதனை அளக்கும் கருவிகளும் பின்னர் உருவாயின. பாகுபாட்டுக்கு இலக்காதல் என்பதற்கு நோய்க்குறியீட்டு முறையில் இசட் 60.5 என்ற தனிக் குறியீடு இருப்பதையும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். சூழலின் பங்கைப் பதிவுசெய்யாமல் மனப்பதற்றம் என்று மட்டும் எழுதிவைத்தால், சிக்கல் முழுவதும் அவருக்குள்ளேயே இருப்பதாக ஆவணம் பேசும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988 என்ற எண்ணில் நெருக்கடி உதவி கிடைக்கிறது.

ஆறாம் படி: எதிர்வினையைத் திட்டமிடுதல்

'துணிந்து பேசுங்கள்' என்ற அறிவுரை அமெரிக்க ஆலோசனைப் பண்பாட்டில் வெகு இயல்பாக வருவது. எச்1பி என்னும் வேலை விசாவில் இருப்பவருக்கு அது எவ்வளவு விலை உயர்ந்த அறிவுரை என்பதை ஆலோசகர் தெரிந்திருக்க வேண்டும். வேலை போனால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். அல்லது அவர் வேறு விசா நிலைக்கு மாற வேண்டும். இரண்டும் இயலாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். வீட்டுக்கடனும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் உள்ளவர் மேலாளரிடம் வாய்திறக்காமல் இருப்பது கோழைத்தனமோ பண்பாட்டால் வந்த அடக்கமோ அன்று. கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு. முதலில் அதை அப்படியே மதிக்க வேண்டும்.

அதன்பின் வழிகளை விரித்து வைக்கலாம். சூவும் சகாக்களும் 2019இல் எழுதியவற்றில், மறைந்திருப்பதைப் புலப்படுத்துதல், செயலைத் தடுத்து நிறுத்துதல், செய்தவருக்கு உணர்த்துதல், வெளியிலிருந்து துணை தேடுதல் என நான்கு குறிக்கோள்கள் வருகின்றன. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு முதலாவது பொருந்தும்: "நான் சற்றுமுன் சொன்ன யோசனையை அவர் மேலும் வளர்த்திருக்கிறார், மகிழ்ச்சி, அதன் அடுத்த கட்டத்தை நானே விளக்குகிறேன்" என்று கூட்டத்திலேயே சொல்வது எவரையும் குற்றஞ்சாட்டாமல் உரிமையை நிலைநாட்டும். இதை அறையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். ஆலோசகர் மேலாளராக நடிக்கலாம். நான்காவது வழியாக, கூட்டத்தில் "இதை முதலில் சொன்னவர் அவர்தானே" என்று எடுத்துக்கொடுக்கும் ஒரு நண்பரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். எதுவும் செய்யாமல் இருப்பதும் இவ்வரிசையில் ஒரு தேர்வுதான். ஆனால் அது தற்செயலாக நேர்ந்ததாக இல்லாமல், அவரே எடுத்த முடிவாக இருந்தால் இரவில் அலசல் குறையும்.

சட்டத்தைப் பற்றி ஆலோசகருக்கு அடிப்படையேனும் தெரிந்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களில் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். தனித்த ஒரு சொல்லோ கேலியோ பெரும்பாலும் சட்டமீறல் ஆகாது. அடிக்கடி நிகழ்ந்தோ கடுமையாகவோ அமைந்து பணிச்சூழலையே பகைமைக்குரியதாக ஆக்கும்போதுதான் அது சட்டத்தின் வரம்புக்குள் வரும். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும். மாநில அல்லது உள்ளூர்ச் சட்டமும் அதைத் தடைசெய்யும் இடங்களில் இது 300 நாட்கள் வரை நீளும். தேதி, இடம், சொன்ன சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றைச் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவருமாறு சொல்லுங்கள்; அதற்கு அலுவலகக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கூறுங்கள். அதற்கு மேல் வழக்கறிஞரின் பணி.

ஏழாம் படி: பிழை உங்களிடமே நேர்ந்தால்

நேரும். ஜெஸ்ஸி ஓவனும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த, ஆலோசனை நாடி வந்தோரில் 53 விழுக்காட்டினர் தம் ஆலோசகரிடமிருந்தே நுண்ணவமதிப்பை எதிர்கொண்டதாகக் கூறினர். அவர்களுள் ஏறத்தாழ 76 விழுக்காட்டினரின் அமர்வுகளில் அது பற்றிய பேச்சே எழவில்லை. பிழையைவிட அதன்பின் வரும் மௌனமே உறவைக் குலைக்கிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

ஆலோசகர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதையோ, முப்பது வயதில் தாயின் கருத்தைக் கேட்டு முடிவெடுப்பதையோ 'எல்லைகள் இல்லாத உறவு' என்று நோயாகக் காண்பது அவற்றுள் ஒன்று. திருமணம் பெற்றோர் ஏற்பாடு செய்தது என்று கேட்டதும் புருவத்தை உயர்த்துவது, பெயரைச் சொல்ல முயலாமலேயே சுருக்கிக்கொள்வது, தமிழ் அடையாளத்தைப் பொதுவான 'இந்திய' அடையாளத்தில் கரைத்து யோகாவையும் பாலிவுட்டையும் பற்றி உரையாடுவது ஆகியவையும் அன்றாடம் நிகழ்பவை. ஈழத்திலிருந்து போரின் காரணமாகப் புலம்பெயர்ந்தவரை இந்தியர் என்று எண்ணிப் பேசுவது இன்னும் ஆழமாகத் தைக்கும்.

அறிகுறிகள் மெல்லியவை: விடைகள் சுருங்கும், புன்னகை கூடும், அடுத்த அமர்வு தள்ளிப்போகும். ஐயம் எழுந்தால் அடுத்த சந்திப்பின் தொடக்கத்திலேயே பேசுங்கள். "சென்ற வாரம் உங்கள் திருமணத்தைப் பற்றி நான் கேட்ட விதம் சரியில்லை என்று பின்னர் உணர்ந்தேன். அது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்ற அளவே போதும். அவர் "பரவாயில்லை" என்றால், "மரியாதைக்காக அப்படிச் சொல்ல வேண்டியதில்லை, எப்போது தோன்றினாலும் சொல்லலாம்" என்று கூறி விட்டுவிடுங்கள். நீண்ட மன்னிப்பும், தாம் இனவாதி அல்லர் என்ற விளக்கமும், கண்ணீரும் வேண்டவே வேண்டாம். அவற்றால் நாடி வந்தவர் ஆலோசகரைத் தேற்றும் நிலைக்குத் தள்ளப்படுவார். மன்னிப்பு கேட்டபின் மாற்றமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வது அத்தகைய ஒரு தொடக்கம்.

எட்டாம் படி: குடும்பமும் சொந்தச் சமூகமும்

பள்ளியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது சக மாணவர்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்று பிள்ளை சொன்னால், பெற்றோர் இருவகையில் எதிர்வினை ஆற்றுவர். சிலர் மறுநாள் முதல் ரொட்டித்துண்டு கட்டித் தருவர். சிலர் 'நன்றாகப் படித்து முன்னுக்கு வா, எல்லாம் சரியாகிவிடும்' என்பர். இரண்டிலும் அன்பு இருக்கிறது. இரண்டிலும் பிள்ளை தனித்து விடப்படுகிறது. பெற்றோரையும் ஓர் அமர்வுக்கு அழைத்து, நடந்ததைப் பிள்ளை முழுமையாகச் சொல்லும் வரை இடைமறிக்காமல் கேட்கச் செய்வதே பெரிய உதவி. மொழி புரியாத பாட்டியோ தாயோ வந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். பிள்ளையை அப்பணிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஆலோசகரும் தமிழர் என்றால் எல்லாம் எளிதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சிலருக்கு எளிதாகும். 'எந்த ஊர், எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார்' என்று பரிவோடு தொடங்கும் அறிமுகம், சாதியைத் துருவும் கேள்வியாகவே சிலர் காதில் விழும். அவர்கள் அத்துடன் வராமலும் போகலாம். சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ததும், அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை ஆளுநர் ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பியதும், இச்சிக்கல் கடல் கடந்தும் வந்திருப்பதைக் காட்டுகின்றன. வெள்ளையரால் புண்பட்டவர் தம் சமூகத்தாராலும் புண்பட்டிருக்கலாம் என்ற கேள்விக்கு ஆலோசனை அறையில் இடம் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: விமர்சனங்களை அறிதலும் பணியைச் சரிபார்த்தலும்

இக்கருத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஸ்காட் லிலியன்ஃபெல்ட் 2017இல் எழுதிய கட்டுரையில், நுண்ணவமதிப்பின் வரையறை தெளிவற்றது என்றும், அதற்கும் மனநலக் கேட்டுக்கும் இடையிலான தொடர்பு போதிய அளவு நிறுவப்படவில்லை என்றும் வாதிட்டார். மோனிகா வில்லியம்ஸ் 2020இல் அதற்கு விரிவாக மறுமொழி அளித்தார். ஆய்வுத்துறையில் இவ்விவாதம் தொடரட்டும், அது தேவையானதே. ஆலோசகர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் எச்சரிக்கையை: பட்டியலில் உள்ள சொல் கேட்டவுடன் அது நுண்ணவமதிப்பு என்று முத்திரை குத்தக் கூடாது. ஒருவரைக் காயப்படுத்தும் 'எந்த ஊர்?' என்ற கேள்வி இன்னொருவருக்கு ஊர் நினைவை மீட்டும் மகிழ்ச்சியாக இருக்கலாம்.

சில அமர்வுகளுக்கு ஒருமுறை, தூக்கம் எப்படி, அலசல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அலுவலகத்தில் எதைத் தவிர்க்கிறார், இந்த அறையில் எதைச் சொல்லத் தயங்குகிறார் என்று கேட்டு முந்தைய குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். மேற்பார்வையாளரிடம் இத்தகைய அமர்வுகளைக் கொண்டுசெல்லுங்கள். அவரும் உங்கள் இனத்தவரே என்றால், வேறு பின்னணி கொண்ட ஒருவரின் கருத்தையும் கேளுங்கள். திருத்த முயன்றபின்னும் நாடி வருபவர் உங்களிடம் பாதுகாப்பாக உணரவில்லை என்றால், அவர் விரும்பும் பின்னணியுடைய மற்றோர் ஆலோசகரின் பெயரைத் தந்து, புதியவரிடம் முதல் சந்திப்பு நடந்தேறும் வரை தொடர்பில் இருங்கள். சென்னையிலுள்ள தமிழ் ஆலோசகரைக் காணொளி வழியாகப் பரிந்துரைக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: அமெரிக்காவில் உரிமம் மாநில வாரியாக வழங்கப்படுகிறது, நாடி வருபவர் வாழும் மாநிலத்தின் உரிமம் இல்லாதவர் பொதுவாக அவருக்குச் சிகிச்சை அளிக்க இயலாது. ஆகவே அந்தந்த மாநில உரிம வாரியத்தின் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்த பின்னரே பரிந்துரைக் கடிதத்தை எழுதுங்கள்.